மரத்தரையும் வினைல் பலகைத் தரையும்: அமெரிக்க வீடுகளில் ஒரு வரலாறு

மரத்தரை என்பது ஓக், மேப்பிள், ஹிக்கரி போன்ற வன்மரங்களை அறுத்து, இழைத்து, பலகைகளாக வீட்டின் தரையில் பதிப்பதாகும். வினைல் பலகைத் தரை என்பது பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பிவிசி, என்னும் நெகிழியால் ஆனது. அந்த நெகிழித் தகட்டின் மேல் மரத்தின் நிழற்படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் கெட்டியான படலம் ஒன்றை ஒட்டி, பலகை அளவில் வெட்டி விற்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வட அமெரிக்காவில் வீடு வாங்குவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் இவ்விரண்டில் எதைப் போடுவது என்று குழம்புவது இன்று வழக்கமாகிவிட்டது.

கடைகளில் இது விலையையும் அழகையும் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. இதன் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரரின் விருப்பத்தைவிட, அவர் கண்ணில் படாமல் தரைக்கு அடியில் இருப்பதே பலமுறை முடிவைச் செய்திருப்பது தெரிகிறது.

பலகைத் தரையின் தொடக்கம்

நம் ஊர் வீடுகள் மண்ணின் மேலேயே அமர்ந்திருப்பவை. சாணம் மெழுகிய தரையானாலும் சிமென்ட் தரையானாலும் அடியில் இருப்பது இறுகிய மண். அமெரிக்காவின் வடகிழக்கில் குடியேறிய ஆங்கிலேயர் கட்டிய வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல. அடியில் நிலவறையோ வெற்றிடமோ இருக்கும். அதன் மேல் மர உத்தரங்கள். உத்தரங்களின் மேல் பலகை. மரச்சட்டத்தால் ஆன வீட்டில் பலகையை விட்டால் வேறு தரை இல்லை. பனிக்காலத்தில் கல்லைப் போல மரம் காலைச் சில்லிட வைக்காது என்பது கூடுதல் நன்மை.

பழங்காடுகளில் வளர்ந்த வெண்பைன் மரங்கள் மிகப் பருத்தவை. அவற்றிலிருந்து ஓர் அடிக்கும் மேல் அகலமுள்ள பலகைகளை அறுத்தெடுக்க முடிந்தது. அந்தத் தரைகளுக்கு மெருகு ஏதும் பூசப்படவில்லை. மணலைத் தூவி, தேய்த்து, பெருக்கி விடுவார்கள். இன்று பழைய வீடுகளில் அந்த அகலப் பலகைகளைக் காண்போர் வியந்து விலை கேட்கிறார்கள். அன்று அவை ஏழைத் தச்சரும் போடக்கூடிய சாதாரணத் தரை.

அரண்மனைகளில் கதை வேறு. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பளிங்குத் தரையைக் கழுவும்போது ஊற்றிய நீர் கசிந்து, அடியிலிருந்த உத்தரங்களை அழுகச் செய்தது. 1684-இல் அங்கே பளிங்கை எடுத்துவிட்டு, மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த தரையைப் போட்டார்கள். இன்றும் அந்த வடிவத்துக்கு வெர்சாய் என்றே பெயர். அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் தம் மாண்டிசெல்லோ இல்லத்தின் வரவேற்பறையில் செர்ரி, பீச் மரங்களால் அத்தகைய கோப்புத் தரையை அமைத்தார். அதே வீட்டின் நுழைவுக் கூடத்தில், ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் சொன்ன யோசனைப்படி, தரைக்குப் புல்லின் பச்சை நிறத்தைப் பூசினார் என்பது சுவையான செய்தி. வீட்டுக்குள் நுழைபவர் புல்வெளியிலேயே நடப்பதாக எண்ண வேண்டுமாம்.

தரையை வேறொன்றாகக் காட்டும் ஆசை அன்றே இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. அக்காலத்து வசதியான வீடுகளில் பாய்மரத் துணியின் மேல் எண்ணெய்ச் சாயத்தைப் பல முறை பூசி, கறுப்பு வெள்ளைப் பளிங்குக் கட்டங்களைப் போல வரைந்து விரிப்பதும் உண்டு. தரைத்துணி எனப்பட்ட அதுதான் இன்றைய வினைலின் முப்பாட்டன்.

ஓக் மரம் நடுத்தர வீட்டுக்குள் வந்தது

ஓக்கும் மேப்பிளும் கடினமான மரங்கள். கையால் இழைத்து, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருத்துவதற்கு ஆகும் கூலியை நடுத்தரக் குடும்பங்களால் கொடுக்க முடியவில்லை. 1880-களின் நடுவில் பலகையின் ஒரு விளிம்பில் நாக்கையும் மறு விளிம்பில் காடியையும் ஒரே ஓட்டத்தில் வெட்டும் இயந்திரம் வந்தது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் புகுந்துகொள்ளும். ஆணியை நாக்கின் மேல் சாய்வாக அடித்தால் அடுத்த பலகை அதை மறைத்துவிடும். ஆணித்தலை தெரியாத தரை என்பது அதுவரை பணக்காரருக்கு மட்டுமே கிடைத்தது.

முக்கால் அங்குலத் தடிப்பும் இரண்டே கால் அங்குல அகலமும் கொண்ட பட்டை காலப்போக்கில் பொது அளவாயிற்று. ஏன் இவ்வளவு ஒடுக்கமாக என்று கேட்கலாம். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். பனிக்காலத்தில் அடுப்பு எரியும் வீட்டில் காற்று மிக வறண்டுவிடும். அகலப் பலகை சுருங்கினால் ஒரே பெரிய இடைவெளி. ஒடுங்கிய பட்டைகள் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாத பல சிறு இடைவெளிகள். 1897-இல் மேப்பிள் தரை உற்பத்தியாளர்களும் 1909-இல் ஓக் தரை உற்பத்தியாளர்களும் சங்கம் அமைத்துத் தரம் பிரிக்கும் விதிகளை வகுத்தனர். அதே காலத்தில் சுவருக்குச் சுவர் ஆணியடித்த கம்பளங்கள் தூசியையும் கிருமியையும் சேர்த்து வைப்பவை என்று சுகாதார இயக்கத்தினர் எழுதி வந்ததும் வெறுந்தரைக்குச் சாதகமாயிற்று.

ஆனாலும் அக்கால வீட்டில் எல்லா அறைக்கும் ஓக் கிடைத்துவிடவில்லை. விருந்தினர் அமரும் முன்னறைக்கும் உணவறைக்கும் ஓக். மாடிப் படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் மலிவான பைன். வாசலில் மட்டும் வெள்ளையடிக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு.

எந்த மரம் எவ்வளவு உறுதி என்பதை அளக்க 1906-இல் ஆஸ்திரியரான காப்ரியேல் யாங்கா ஒரு முறையை வகுத்தார். 0.444 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டு மரத்தில் பாதியளவு அமிழ எவ்வளவு விசை தேவை என்பதே கணக்கு. செவ்வோக்குக்கு 1290 பவுண்டு, வெள்ளை ஓக்குக்கு 1360, வன்மேப்பிளுக்கு 1450. நாம் உறுதிக்கு உவமையாகச் சொல்லும் தேக்கு இந்தப் பட்டியலில் ஓக்குக்குக் கீழேதான் வருகிறது. தேக்கின் பெருமை கரையானையும் நீரையும் தாங்குவதில் உள்ளது; அடியைத் தாங்குவதில் அல்ல.

லினோலியம்

ஃபிரெடரிக் வால்டன் என்னும் ஆங்கிலேயர், சாய டப்பாவில் ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு ரப்பரைப் போன்ற ஆடையாகப் படிந்திருப்பதைக் கவனித்தார். அந்த ஆடையைப் பெருமளவில் உண்டாக்கி, தக்கைத் தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின் மேல் அழுத்தினார். 1863-இல் காப்புரிமை பெற்று, லண்டனுக்கு அருகே ஸ்டெய்ன்ஸில் தொழிற்சாலை தொடங்கினார். ஆளிச்செடிக்கும் எண்ணெய்க்கும் உரிய லத்தீன் சொற்களைச் சேர்த்து லினோலியம் என்று பெயரிட்டவரும் அவரே. ஸ்காட்லாந்தின் நெய்ர்ன் நிறுவனம் அதே பெயரில் விற்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுத்தார், 1878-இல் தோற்றார். பெயரை வணிகக் குறியாகப் பதிந்திருந்தாலும், அது அதற்குள் பொருளின் பொதுப்பெயராகிவிட்டது என்றது நீதிமன்றம்.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. வங்காளத்துச் சணலும் இந்திய ஆளி விதையும் பிரித்தானியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. ஐரோப்பிய, அமெரிக்கச் சமையலறைகளில் மிதிபட்ட தரையின் அடித்துணி பெரும்பாலும் வங்காள வயல்களில் விளைந்தது.

1870-களில் வால்டனின் தொழில் அமெரிக்காவுக்கும் சென்றது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு லினோலியம்வில் என்றே பெயர். 1930 வாக்கில் தொழிற்சாலை நின்றுபோகும் நேரத்தில் ஊரார் அந்தப் பெயரையும் கைவிட்டு டிராவிஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் ஆம்ஸ்ட்ராங் தக்கை நிறுவனமும் இத்தொழிலில் இறங்கி, பெண்கள் படிக்கும் இதழ்களில் வண்ண விளம்பரங்கள் வெளியிட்டு, லினோலியத்தை வீட்டுச் சொல்லாக்கியது.

லினோலியப் பட்டியல்களில் பூ வேலைப்பாடும் பாரசீகக் கம்பள வடிவங்களும் இருந்தன. அவற்றோடு ஓக் மரக் கோப்புத் தரையின் அச்சும் இருந்தது. நடு அறையில் கம்பளத்தை விரித்து, அதைச் சுற்றி ஓரத்தில் மர அச்சு லினோலியத்தை ஒட்டினால் தரை முழுவதும் மரம் என்றே தோன்றும். ஆக, மரத்தின் படத்தை மிதிப்பது வினைலோடு வந்த புதுமை இல்லை.

கான்கிரீட் செய்த மாற்றம்

ஓஹையோவில் பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பிவிசி அதற்கு முன்பே அறியப்பட்டதுதான்; ஆனால் முறுகலாக இருந்ததால் பயனற்றதாக ஒதுக்கப்பட்டிருந்தது. 1926-இல் அவர் அதைக் கொதிநிலை மிகுந்த கரைப்பானில் சூடாக்கியபோது, பசை கிடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் பொருள் கிடைத்தது. 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வினைல் தரை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம்; பிறகு உலகப் போர். வினைல் வீட்டுக்குள் வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அது வந்தபோது வீடே மாறியிருந்தது. போர் முடிந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களுக்கு வீடு தேவைப்பட்டது. 1947-இல் நியூயார்க்கின் லாங் தீவில் லெவிட் நிறுவனம் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுக்கு நிலவறை கிடையாது. மண்ணைச் சமன்செய்து, வெந்நீர்க் குழாய்களைப் புதைத்து, மேலே கான்கிரீட்டைக் கொட்டி, அதன்மேல் தார் கலந்த ஓடுகளை ஒட்டினார்கள். உத்தரம் இல்லாத வீட்டில் ஆணி அடிக்க இடமில்லை. கான்கிரீட்டிலிருந்து மேலேறும் ஈரம் ஓக் பட்டையை வளைத்துவிடும். இத்தகைய வீட்டில் எந்தத் தரை வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

1950-களில் தார் ஓட்டின் இடத்தை வினைல் ஓடு பிடித்தது. கூடவே பஞ்சுக் கம்பளத்தின் விலையும் இறங்கியது. ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரின் இயந்திரங்கள் நைலான் கம்பளத்தைப் பாயைப் போலச் சுருட்டி அனுப்பின. ஓக் தரை உற்பத்தி அந்தப் பத்தாண்டில் உச்சத்தைத் தொட்டு, பின்பு 1980-களின் தொடக்கம் வரை சரிந்துகொண்டே வந்தது. நல்ல ஓக் தரையின் மேலேயே கம்பளத்தை ஆணியடித்து மூடிய வீடுகளும் ஏராளம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பிவிசி புதியதன்று. சென்னை பெரம்பூரில் கட்டப்பட்ட ரயில் பெட்டிகளில் காலடியில் இருந்தது இதுவே. மரப்பலகையின் மேல் ஒட்டிய பிவிசி விரிப்பைத் துடைத்துக்கொண்டே லட்சக்கணக்கானோர் இரவுப் பயணம் செய்திருக்கிறார்கள்.

தரைக்காக உயிர் கொடுத்தவர்கள்

அந்தக் காலத்து வினைல் ஓட்டில் வினைல் சிறுபங்குதான். அதற்கு உறுதியும் தீத்தாங்கும் திறனும் கொடுக்கக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலக்கப்பட்டது. ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் அடுக்ககங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எங்கும் பரவின. ஒட்டிய கறுப்புப் பசையிலும் பல நேரம் கல்நார் இருந்தது. முழுதாக இருக்கும் ஓடு தூசி கிளப்புவதில்லை. அதை உடைக்கும்போதும் சுரண்டும்போதும் எழும் நார்த்தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுகிறது. புரூக்ளினில் 1898-இல் தொடங்கிய கென்டைல் நிறுவனம் கல்நார் வழக்குகளின் சுமையால் 1992-இல் திவாலானது. ரயிலிலிருந்து தெரியும் அதன் பெரிய பெயர்ப்பலகை மட்டும் 2014 வரை நின்றது. 2000-இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனமும் அதே காரணத்தால் திவால் பாதுகாப்பைக் கோரியது.

இன்னொரு கேடு தொழிற்சாலைக்குள் நிகழ்ந்தது. வினைல் குளோரைடு என்னும் வாயுவைத் தொடராகப் பிணைத்தால் பிவிசி கிடைக்கும். அந்தக் கலன்களின் உட்சுவரில் ஒட்டியதைத் தொழிலாளர் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். கென்டக்கியின் லூயிவில் நகரிலிருந்த குட்ரிச் ஆலையில் மூவர் கல்லீரலின் மிக அரிய வகைப் புற்றுநோயால் இறந்தது 1974 ஜனவரியில் வெளியே தெரிந்தது. இத்தாலிய ஆய்வாளர் செசாரே மால்தோனி இந்த வாயு எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதை அதற்கு முன்பே கண்டிருந்தார். நிறுவனங்கள் அந்தச் செய்தியைத் தங்களுக்குள் வைத்திருந்தன. அதன்பின் பணியிடக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை ஏற்கப்பட்ட அளவு 1 பங்காகக் குறைக்கப்பட்டது. எளிதில் செய்ய முடியாது என்று முதலில் வாதிட்ட ஆலைகள் பிறகு செய்துகாட்டின. வீட்டில் பதித்த பிவிசியில் இருப்பது வாயு நிலையிலுள்ள வினைல் குளோரைடு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆபத்தைச் சுமந்தவர்கள் தரையைச் செய்தவர்களே.

மரத்தரைக்காரர்கள் இதைப் படித்து நிம்மதியடைய முடியாது. லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்னும் பெரிய தரை வணிக நிறுவனம், ரஷ்யாவின் தூரக்கிழக்கில் திருட்டுத்தனமாக வெட்டப்பட்ட ஓக் மரத்தைச் சீனா வழியாக இறக்குமதி செய்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016-இல் அதற்கு விதிக்கப்பட்ட தொகை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல். அழிக்கப்பட்டவை சைபீரியப் புலி வாழும் காடுகள். அதே நிறுவனம் விற்ற சீன லேமினேட் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியாவதாக 2015-இல் தொலைக்காட்சியில் வந்த செய்தி வாங்கியவர்களை நடுங்க வைத்தது.

வினைல் பக்கமும் பட்டியல் தொடர்கிறது. பிவிசியை வளையச் செய்யும் தாலேட் வகை வேதிப்பொருள்கள் குழந்தைகள் தவழும் தரையில் வேண்டாம் என்ற எதிர்ப்பால், 2015-இல் ஹோம் டிப்போவும் லோஸ் நிறுவனமும் அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தன. 2022-இல் பிரித்தானியாவின் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட அறிக்கை, வினைல் தரைக்கான பிவிசி சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்களின் கட்டாய உழைப்போடு தொடர்புடையது என்று சுட்டியது.

படம் பலகையானது

ஓட்டு வடிவிலும் விரிப்பு வடிவிலும் இருந்த வினைல், பலகை வடிவுக்கு வந்ததற்கு ஸ்வீடனும் பெல்ஜியமும் காரணம். 1977-இல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் மரத்தூள் அட்டையின் மேல் மர அச்சுக் காகிதத்தை ஒட்டி லேமினேட் தரையை உருவாக்கியது. 1990-களின் நடுவில் ஸ்வீடனின் வாலிங்கேயும் பெல்ஜியத்தின் யூனிலினும் பசையோ ஆணியோ இன்றிச் சாய்த்து அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் விளிம்பை வடிவமைத்தன. நூறாண்டு முந்தைய நாக்கும் காடியும் தாம், கொக்கி ஒன்று சேர்ந்திருக்கிறது. லேமினேட் நீர்பட்டால் ஊதிவிடும். அதே பூட்டை நெகிழியில் வெட்டினால் அந்தக் கவலை இல்லை. 2010-களில் சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த விறைப்பான நடுப்பகுதி கொண்ட பலகைகள் வந்தபின், சனி ஞாயிறுக்குள் வீட்டுக்காரரே ஓர் அறைக்குத் தரை போட்டுவிட முடிந்தது.

இப்போது தேர்வுக்கு வருவோம். வினைலின் ஆயுள் அதன் மேற்படலத்தின் தடிப்பில் இருக்கிறது. மலிவானதில் அது 0.15 மில்லிமீட்டர்; கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றதில் அரை மில்லிமீட்டர். அது தேய்ந்தால் அடியிலிருப்பது ஒரு படம். படத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது. பெயர்த்துக் குப்பையில் போட வேண்டும். முக்கால் அங்குல ஓக் பட்டையில் நாக்குக்கு மேலே கால் அங்குலம் மரம் உண்டு. இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்து மெருகிட்டால், ஐந்தாறு முறை புதுத்தரை கிடைக்கும். நூற்றாண்டு கண்ட ஓக் தரைகள் இன்னும் புழக்கத்தில் இருப்பது இதனால்தான். முதலில் ஆகும் செலவை மட்டும் ஒப்பிடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆனால் குளியலறையிலும் நிலவறையிலும் கான்கிரீட்டின் மேல் நேரடியாகவும் ஓக்கைப் போடச் சொல்வது பிடிவாதம். அங்கே வினைல் பொருந்தும். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய ஓக் படிவம் கொண்ட பொறியியல் மரப்பலகை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் பெரும்பாலும் வினைலையே போடுகிறார். குடியிருப்பவர் நாற்காலியை இழுத்தால் கீறல் விழுவது அவர் தரையில் அல்லவா!

பழைய அமெரிக்க வீட்டில் சமையலறைத் தரையைப் பெயர்ப்பவர் இந்த வரலாற்றைக் கீழ்நோக்கிப் படிக்கிறார். மேலே 1980-களின் வினைல் விரிப்பு. அதன் கீழ் ஒன்பது அங்குல ஓடு. பிறகு கறுப்புப் பசை. சில வீடுகளில் அதற்கும் கீழே உதிர்ந்துபோன லினோலியம். கடைசியில் கறைபடிந்த பைன் அல்லது மேப்பிள். அந்த மரத்தை மீட்க வேண்டும் என்று பலருக்கும் கை துறுதுறுக்கும். ஒன்பது அங்குல ஓட்டைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதே அங்கே நடைமுறை. கல்நார் இருந்து ஓடுகள் உடையாமலும் இருந்தால், தொடாமல் மேலே மூடிவிடுவதே நல்லது என்பது சுற்றுச்சூழல் அதிகாரிகள் பொதுவாகத் தரும் அறிவுரை. ஆணியும் பசையும் தேவைப்படாமல் மேலே மிதந்து கிடக்கும் வினைல் பலகை அதற்கு ஏற்ற மூடியாக இருப்பதால், ஓக்கின் படம் அச்சிட்ட அந்தத் தரை, பழைய வினைல் ஓட்டையும் அதற்கடியில் உள்ள மரத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது.